எண்ணெயின் கைகள் – 9: மேழி பிடித்த வால்வு

நாட்டு ஏர் ஓட்டியவர்களுக்கு உழவின் ஆழம் கையில்தான் தெரியும். மேழியை அழுத்திப் பிடித்தால் கொழு மண்ணுக்குள் இறங்கும். மாடு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் பிடியைத் தளர்த்தி, ஏரை ஒரு விரற்கடை மேலே விடுவார்கள். வேரோ கல்லோ தட்டினால் அப்படியே தூக்கித் தாண்டவைப்பார்கள். ஒரு சால் போய்த் திரும்புவதற்குள் அந்தக் கை எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கேட்டால், உழுதவருக்கே சொல்லத் தெரியாது. மண்ணின் இறுக்கம் கைக்கு வரும். கை உடனே பதில் சொல்லிவிடும்.

டிராக்டர் வந்தபோது காணாமல் போனது இந்தக் கைதான்.

நியூகாசில் படகுத்துறையில் 1846-ல் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுத்திய தண்ணீர்க் கிரேனையும், 1894-ல் லண்டன் டவர் பாலத்தைத் தூக்கத் தொடங்கிய நீர் அழுத்தத்தையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அங்கெல்லாம் வால்வைத் திருப்பியவர் ஓர் ஆள். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது அவருடைய கண்ணையும் பழக்கத்தையும் பொறுத்தது. இந்த அத்தியாயம், மண்ணே வால்வைத் திருப்பத் தொடங்கிய கதை. கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு வால்வு. அது பம்ப்பின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற கேள்வி, உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் நிறுவனங்களில் ஒன்றை நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

1917-ம் ஆண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடிக்க, பிரிட்டனில் சோற்றுக்குத் தட்டுப்பாடு. அயர்லாந்தில் இருக்கிற நிலத்தையெல்லாம் உழுது பயிர் வைக்க வேண்டிய கட்டாயம். உழவுக் குதிரைகளில் பல போர்முனைக்குப் போய்விட்டன. இருந்த டிராக்டர்களைச் சரியாக ஓடவைக்கும் பொறுப்பை அயர்லாந்தின் விவசாயத் துறை, பெல்ஃபாஸ்ட் நகரில் மோட்டார் கடை வைத்திருந்த ஹாரி ஃபெர்குசனிடம் கொடுத்தது.

ஃபெர்குசன் 1884-ல் கவுண்டி டவுனில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை பிடிக்காமல் அண்ணனின் மோட்டார் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தில் ஹில்ஸ்பரோவில் சுமார் 120 மீட்டர் தூரம் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவர் என்று பெயர் வாங்கினார். பிடிக்காமல் விட்டுவந்த உழவுக்கே கடைசியில் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார்.

அவரும் அவருடைய மெக்கானிக் வில்லி சாண்ட்ஸும் ஊர் ஊராகப் போய் டிராக்டர்களைப் பார்த்தார்கள். எங்கே போனாலும் ஒரே காட்சிதான். மாடோ குதிரையோ இருந்த இடத்தில் எஞ்சின். பின்னால் கொக்கி போட்டு இழுபடுகிற இரும்புக் கலப்பை. சக்கரம் வழுக்கக் கூடாது என்பதற்காக டிராக்டரைக் கனமாகச் செய்தார்கள். கனமான டிராக்டர், உழ வேண்டிய மண்ணையே மிதித்து இறுக்கியது. இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. கலப்பை பாறையிலோ மரவேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் மேலே உருள முடியாது. எஞ்சினோ விடாமல் திருப்பும். சக்கரம் அசையாதபோது, அதைச் சுற்றி டிராக்டரின் உடம்பு திரும்பும். மூக்கு மேலே எழும்பி, அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டியவர்மேல் விழும். அந்த ஆண்டு சந்தைக்கு வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் இப்படிச் செத்தவர்கள் பலர்.

கலப்பையைத் தனியாக இழுக்கக் கூடாது. டிராக்டரும் கலப்பையும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்று ஃபெர்குசன் முடிவுக்கு வந்தார். தண்டுகளால் கலப்பையை டிராக்டரின் பின்புறத்தோடு கோத்தார்கள். பல மாதிரிகள் செய்து, கழற்றி, மாற்றி, கடைசியில் கீழே இரண்டு தண்டு, மேலே ஒரு தண்டு என்று நிலைத்தது. இன்று நம் ஊரில் கொக்கிக் கலப்பை மாட்டினாலும் சட்டிக் கலப்பை மாட்டினாலும் ரொட்டவேட்டர் மாட்டினாலும் அதே மூன்று இடம்தான். மேலே இருப்பதை எல்லோரும் டாப் லிங்க் என்கிறோம்.

ஆனால் ஒரே உடம்பாக ஆனதும் புதிய சிக்கல் முளைத்தது. டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னால் கலப்பை ஆழமாகக் குத்தும். பள்ளத்தில் இறங்கினால் கலப்பை மண்ணைவிட்டு வெளியே வரும். ஆழத்தைச் சமமாக வைக்கக் கலப்பைக்கு ஒரு சக்கரம் வைக்கலாம். வைத்தால் கலப்பையின் பாரம் அந்தச் சக்கரத்துக்குப் போய்விடும். டிராக்டரின் பின்சக்கரத்துக்குக் கிடைக்காது. மறுபடியும் கனமான டிராக்டர்தான். மேழி பிடிக்க ஒரு கை இல்லாமல் தீராத சிக்கல் இது.

அந்தக் கையை அவர்கள் டாப் லிங்க்கில் கண்டுபிடித்தார்கள். கலப்பை மண்ணில் இழுபடும்போது கொழுவை மண் பின்னுக்குப் பிடிக்கும். கலப்பையின் தலை முன்னால் கவிழப் பார்க்கும். அதனால் கீழ்த் தண்டுகள் இரண்டும் இழுபடுகின்றன, மேல் தண்டு நெருக்குண்டு டிராக்டரை நோக்கித் தள்ளுகிறது. மண் இறுக இறுக அந்தத் தள்ளு கூடும். மண் இளகினால் குறையும். உழவனின் உள்ளங்கைக்கு மேழி வழியாக வந்த செய்தி இதேதான். மேல் தண்டின் அடியில் ஒரு கனத்த சுருள்வில்லை வைத்தால், அந்தச் செய்தி வில்லின் சுருக்கமாக, அளக்கக்கூடிய அசைவாக மாறிவிடும். அந்த அசைவைக் கொண்டு கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் வேண்டும். 1925 பிப்ரவரியில் ஃபெர்குசன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உழவுக் கருவியை டிராக்டரோடு இணைத்து, வேலையின் ஆழத்தைத் தானாகவே சீராக்கும் சாதனம் என்று அதற்குப் பெயர் கொடுத்தார். கலப்பையைத் தூக்கும் சக்திக்குப் பல வழிகளை யோசித்து, கடைசியில் எண்ணெயைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1933-ல் பெல்ஃபாஸ்ட் பட்டறையில் ஒரு மாதிரி டிராக்டரைக் கட்டினார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்ததால் ‘கறுப்பு டிராக்டர்’ என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. எஞ்சின் அமெரிக்க ஹெர்குலிஸ். பல்சக்கரங்கள் இங்கிலாந்தின் டேவிட் பிரவுன் நிறுவனத்தில் வெட்டியவை. சாண்ட்ஸும், அவரோடு பட்டறையில் உழைத்த ஆர்ச்சி கிரியரும் இல்லாமல் அது உருவாகியிருக்காது. ஃபெர்குசனின் பெயர் உலகம் முழுக்க டிராக்டர்களின் நெற்றியில் இருக்கிறது. இந்த இருவர் பெயர் எங்கேயும் இல்லை. இந்த வரலாற்றை எழுதும்போது எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இனி வால்வுக்கு வருவோம்.

ஹைட்ராலிக் வேலையில் அழுத்தம் பலத்தைத் தரும், ஓட்டம் வேகத்தைத் தரும். சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் போகிறதோ அதற்கேற்ற வேகத்தில் பிஸ்டன் நகரும். ஆகவே கலப்பை மெல்ல ஏற வேண்டுமா, நிற்க வேண்டுமா, இறங்க வேண்டுமா என்பதெல்லாம் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற விஷயம். குழாயில் தண்ணீர் அதிகமாக வந்தால் என்ன செய்வோம்? வெளியே வருகிற பக்கத்தில் பைப்பைத் திருகிக் குறைப்போம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கறுப்பு டிராக்டரிலும் முதலில் வால்வை அப்படித்தான் வைத்தார்கள், பம்ப் எண்ணெயைத் தள்ளுகிற பக்கத்தில்.

எண்ணெய் சூடாகியது.

ஏன் என்பதை ஒரு கணக்கு போட்டால் புரியும். பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தேவை 4 லிட்டர். வால்வைப் பாதி மூடுகிறோம். மீதி 6 லிட்டரை என்ன செய்வது? எண்ணெய் சுருங்காது. பம்ப்போ ஒவ்வொரு சுற்றுக்கும் தன் பங்கைத் தள்ளியே தீரும். ஆகவே அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து, 6 லிட்டரும் வழிந்து தொட்டிக்குத் திரும்பும். 140 பார் அழுத்தத்தில் அப்படி வழிகிற 6 லிட்டர் சுமக்கும் சக்தி 1.4 கிலோவாட். ஒரு வேலையும் செய்யாமல் அத்தனையும் சூடாக மாறுகிறது. வெந்நீர் போட வாளியில் தொங்கவிடுகிற ஹீட்டர் கம்பியை டிராக்டரின் எண்ணெய்க்குள் போட்டு, உழவு முடிகிறவரை எரியவிட்டதற்குச் சமம். சூடான எண்ணெய் நீர்த்துப்போகும், இடுக்குகளில் கசியும். காலையில் வைத்த ஆழம் மதியத்தில் இருக்காது.

தள்ளுகிற பக்கத்தில் இருந்த வால்வை எடுத்து உறிஞ்சுகிற பக்கத்தில் வைத்தார்கள். இந்த அத்தியாயத்தின் உயிர் இந்த இடமாற்றம்தான்.

பம்ப்பின் வாயிலேயே வால்வு. திறந்தால் பம்ப் எண்ணெயை உறிஞ்சி சிலிண்டருக்கு அனுப்பும். பாதி திறந்தால் பாதிதான் உறிஞ்சும். உறிஞ்சியது மட்டும்தான் போகும். மூடினால் பம்ப்பின் பிஸ்டன்கள் சும்மா முன்னும் பின்னும் போய்வரும். தள்ளுவதற்கு எண்ணெயே இல்லை; ஆகவே வழிவதற்கும் எதுவும் இல்லை, சூடாவதற்கும் எதுவும் இல்லை. தேவையில்லாத எண்ணெயை அழுத்தம் ஏற்றிவிட்டு அப்புறம் வீணாக்குவதற்குப் பதிலாக, அதைப் பம்ப்புக்குள்ளேயே விடாமல் தடுத்துவிட்டார்கள்.

ஹைட்ராலிக் படித்தவர்கள் இதைப் படித்தால் புருவத்தை உயர்த்துவார்கள். பம்ப்பின் உறிஞ்சும் வழியை ஒருபோதும் நெருக்காதே என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். நெருக்கினால் எண்ணெய்க்குள் வெற்றுக் குமிழிகள் கிளம்பும். அழுத்தத்தில் அவை உடையும்போது உலோகத்தைப் பொடிப்பொடியாகத் தின்றுவிடும். பம்ப்புக்குள் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் கேட்கும். வேகமாகச் சுற்றுகிற இன்றைய பம்ப்புகளில் இந்த வேலையைச் செய்தால் கெட்டது. ஃபெர்குசனின் பம்ப், கியர்களும் ஹைட்ராலிக்கும் பொதுவாகப் பயன்படுத்துகிற எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடந்தது. உறிஞ்ச நீண்ட குழாய் எதுவும் கிடையாது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுதான். அந்த இடத்தில் அது பொருந்தியது. விதி தெரிந்தவர்கள் தங்கள் இயந்திரத்துக்காக விதியை மீறி, அதைச் சரியாகவும் செய்தார்கள் என்பது என் எண்ணம்.

வயலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் லீவரை ஓர் இடத்தில் வைக்கிறார். கலப்பை இறங்குகிறது. மண் எதிர்க்கிறது, டாப் லிங்க் தள்ளுகிறது, வில் சுருங்குகிறது. குறித்த அளவு சுருங்கியதும் வால்வு நடுநிலைக்கு வந்து, உறிஞ்சும் வழியும் வெளியேறும் வழியும் இரண்டும் அடைபட, சிலிண்டரில் எண்ணெய் அப்படியே பூட்டிக்கொள்ளும். களிமண் திட்டு வருகிறது. தள்ளு கூடுகிறது, வில் இன்னும் சுருங்குகிறது, வால்வு மயிரிழை நகர்ந்து உறிஞ்சும் வழியைத் திறக்கிறது. கொஞ்சம் எண்ணெய் போய்க் கலப்பை சற்றே மேலேறுகிறது. மணல்பாங்கு வந்தால் வில் தளர்ந்து, வால்வு எதிர்ப்பக்கம் போய், கலப்பை தன் பாரத்தில் இறங்குகிறது. சால் முழுக்க இது நடந்துகொண்டே இருக்கும். கலப்பையைத் தொங்கவிடாமல் தாங்கிப் பிடிப்பதால் அதன் பாரமும், அதன்மேல் விழுகிற மண்ணின் பாரமும் பின்சக்கரத்துக்கு வந்து சேரும். சுமார் 1,100 கிலோ எடையுள்ள டிராக்டர், தன்னைவிடக் கனமான டிராக்டர்களின் உழவைச் செய்தது இப்படித்தான்.

பாறை தட்டினால்? வில் ஒரேயடியாக நெருக்குண்டு வால்வை எல்லைக்குத் தள்ளும். அந்த எல்லையில் எண்ணெய் வெளியேறும் வழி திறந்துவிடுகிறபடி வால்வை வெட்டியிருந்தார்கள். தாங்கிய பாரம் சட்டென்று பின்சக்கரத்தைவிட்டுப் போகும். சக்கரம் நின்ற இடத்தில் வழுக்கிச் சுற்றும். மூக்கு எழும்பாது, டிராக்டர் கவிழாது. எத்தனை ஓட்டுநர்களின் உயிரை அந்த ஒரு வெட்டு காப்பாற்றியிருக்கும் என்று யாரும் கணக்கு எடுத்ததில்லை.

அந்த வால்வை நான் கையில் வாங்கிப் பார்த்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு டிராக்டர் பட்டறையில். சேற்றுழவு முடிந்த நேரம். எங்கள் சித்தப்பாவின் பழைய டிராக்டர் வந்து நின்றிருந்தது. லிப்ட் சில நேரம் தூக்காது, தூக்கினால் இறங்காது. எண்ணெயை வடித்தபோது மோர் மாதிரி வெளுத்து வந்தது. வயல் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

“பம்ப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. தண்ணி பூந்து வால்வைப் பிடிச்சிருச்சு,” என்றார் மேஸ்திரி.

பம்ப்பைக் கழற்றி, அதற்குள்ளிருந்து விரல் பருமனில் ஒரு சின்ன இரும்புத் துண்டை உருவினார். பக்கவாட்டில் துவாரங்கள். மேலே பழுப்பாகத் துருக்கறை. டீசலில் கழுவித் துடைத்து, அதன் துளையில் வைத்துச் செங்குத்தாகப் பிடித்தார். அது பாதி இறங்கி நின்றது. மறுபடி கழுவினார், மெல்லத் திருப்பிவிட்டார், மறுபடி பிடித்தார். நான்காவது தடவை தன் கனத்திலேயே வழுக்கிக் கீழே இறங்கியது.

“இப்படிப் போகணும். தள்ளினாத்தான் போகுதுன்னா அது வேலைக்கு ஆகாது. மண்ணு சொல்றது இதுக்குக் கேக்காது.”

மண் சொல்வதைக் கேட்க வேண்டிய வால்வு அது என்று எந்தப் புத்தகத்திலும் படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. வால்வு ஒட்டிக்கொள்கிற சிக்கலைத் தயாரிப்பாளர்களும் அறிந்தே இருந்தார்கள். 1950களின் நடுவில் வந்த ஃபெர்குசன் 35 ரக டிராக்டரில் இந்த வால்வைச் சும்மா இருக்கவிடாமல், பம்ப் சுற்றும்போதெல்லாம் மிகச் சிறிய அளவில் முன்னும் பின்னும் அதிரவைத்தார்கள். அதிர்ந்துகொண்டே இருக்கிற வால்வு ஒட்டிக்கொள்ளாது. இம்மி அசைவுக்கும் உடனே நகரும்.

மீண்டும் 1930களுக்குப் போவோம். கறுப்பு டிராக்டரைத் தொடர்ந்து, டேவிட் பிரவுனுடன் சேர்ந்து 1936-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டரைத் தயாரித்தார்கள். விலை 224 பவுண்ட். கலப்பை முதலிய கருவிகள் தனித்தனியாக 26 பவுண்ட். விவசாயிகளுக்கு விலை அதிகமாகப் பட்டது. சுமார் 1,350 டிராக்டர்களோடு அந்தக் கூட்டு முடிந்தது.

1938 அக்டோபரில் ஃபெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கா கொண்டுபோனார். கலப்பை வியாபாரத்தில் முன்பே கூட்டாளிகளான ஷெர்மன் சகோதரர்கள் வழியாக, டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டின் சொந்தப் பண்ணையில் உழுதுகாட்ட ஏற்பாடு. ஃபோர்டு விவசாயி மகன். டிராக்டர் அவருடைய நெடுநாள் கனவு. அமெரிக்காவில் தன் ஃபோர்ட்சன் டிராக்டரின் உற்பத்தியை அவர் நிறுத்திப் பத்தாண்டு ஆகியிருந்தது. உழுததைப் பார்த்த பிறகு மேசையைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஃபெர்குசன் கையோடு கொண்டுவந்திருந்த, சாவி கொடுத்து ஓடும் பொம்மை டிராக்டரை மேசையில் வைத்து, தண்டுகளில் விசை எப்படிப் போகிறது என்று காட்டினார். இருவரும் கை குலுக்கினார்கள். ஃபோர்டு டிராக்டரைச் செய்வது, ஃபெர்குசன் விற்பது. அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு வரி எழுதவில்லை, ஒரு கையெழுத்து இல்லை.

1939 ஜூன் 29 அன்று 9என் டிராக்டர் வெளிவந்தது. விலை 585 டாலர். அறிமுக நாளில் ஒரு சிறுவனை ஏற்றி உழவைத்துக் காட்டினார்கள். வலுவுள்ள ஆள் தேவையில்லை, வால்வு பார்த்துக்கொள்ளும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். 9என், அதன் பிறகு 2என் என்று 1947 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றன.

ஹென்றி ஃபோர்டு முதுமையில் தளர்ந்து, 1945-ல் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்தார். கணக்குகளைப் பார்த்தார். டிராக்டரில் நிறுவனத்துக்கு நஷ்டம் என்று தெரிந்தது. 1946 நவம்பரில், ஏற்பாடு அடுத்த ஆண்டு நடுவோடு முடிகிறது என்று ஃபெர்குசனுக்குத் தெரிவித்தார். தாத்தா 1947 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் தனக்கென்று தனி விற்பனைக் கம்பெனி வைத்து 8என் என்ற டிராக்டரை இறக்கியது. கியர் ஒன்று கூடுதல், சில திருத்தங்கள். உள்ளே அதே மூன்று தண்டு, அதே பம்ப், உறிஞ்சும் பக்கத்தில் அதே வால்வு.

1948 ஜனவரியில் ஃபெர்குசன் வழக்குப் போட்டார். கேட்ட தொகை 25 கோடியே 10 லட்சம் டாலர். பின்னர் அது 34 கோடியைத் தாண்டியது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. கைகுலுக்கலில் என்ன பேசினார்கள் என்று சொல்ல ஃபோர்டு உயிரோடு இல்லை. எஞ்சியது காப்புரிமைப் பத்திரங்கள்தான். அவற்றில் என்ன எழுதியிருந்ததோ அதுவே பேசியது.

1952 ஏப்ரலில் சமரசம். காப்புரிமைக்காக ஃபோர்டு 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. தன் தொழிலையே நசுக்கப் பார்த்தார்கள் என்ற ஃபெர்குசனின் பெரிய குற்றச்சாட்டுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்தத் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சமரசத்தை ஏற்ற தீர்ப்பில் சேர்ந்த ஒரு நிபந்தனை. உழவின் எதிர்ப்புக்கு ஏற்பத் தானாக நகரும் வால்வைப் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் வைத்த டிராக்டரை 1952 டிசம்பர் 31-க்குப் பிறகு ஃபோர்டு செய்யக் கூடாது. நீதிமன்றம் ஒரு வால்வின் பெயரைச் சொல்லி, அது எந்தப் பக்கம் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அதற்குள் 8என் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? அந்த வால்வு ஃபெர்குசனுடையது. அதைக் கேட்காமல் எடுத்தது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய காரியத்தை ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லாமல் தொடங்கியதற்கான விலையையும் அவர்தான் கொடுத்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோற்ற பக்கம் வேறு வழியில்லாமல் எடுத்துவைத்த அடி, இயந்திரத்துக்கு நல்லதாகவே முடிந்தது.

ஃபெர்குசனின் பம்ப்புக்கு ஒரு குறை இருந்தது. கருவிகளைச் சுழற்றப் பின்னால் நீட்டியிருக்கும் பி.டி.ஓ. தண்டிலிருந்து அது சுற்றியதால், கிளட்ச்சை மிதித்தால் பம்ப்பும் நின்றுவிடும். வரப்போரம் திரும்பும்போது கிளட்ச்சையும் மிதிக்க வேண்டும், கலப்பையையும் தூக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. ஃபோர்டு தன் ஐம்பதாவது ஆண்டான 1953-ல் கொண்டுவந்த ஜூபிலி டிராக்டரில் பம்ப்பை எஞ்சினோடு கோத்து, வால்வைத் தள்ளுகிற பக்கத்துக்குக் கொண்டுபோனது. கிளட்ச் என்ன ஆனாலும் லிப்ட் தூக்கியது. ஃபெர்குசன் பக்கத்திலும் பின்னால் 35 ரகத்தில் இரட்டைக் கிளட்ச் வைத்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

ஃபெர்குசன் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் 1946-லேயே டிஇ20 டிராக்டரைத் தொடங்கியிருந்தார். சாம்பல் நிறத்தில் அந்தச் சின்ன டிராக்டர் 1956-க்குள் ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவம் போய்ச் சேர்ந்தது அந்த டிராக்டர்களில்தான். 1953-ல் ஃபெர்குசன் தன் தொழிலைக் கனடாவின் மாஸ்ஸி-ஹாரிஸோடு இணைத்தார். 1960 அக்டோபரில் இறந்தார்.

அவர் இறந்த அதே 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸ்ஸி ஃபெர்குசனின் கூட்டோடு தொடங்கப்பட்டது. செம்பியத்தில் இருந்து சிவப்பு டிராக்டர்கள் நம் வயல்களுக்கு வரத் தொடங்கின. தஞ்சாவூர்க் களிமண்ணிலும் கோயம்புத்தூர்க் கரிசலிலும் நம் ஓட்டுநர்கள் இன்றும் வலப்பக்கத்து லீவரைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்களே, அந்த நம்பிக்கையின் வேர் பெல்ஃபாஸ்டில் சாண்ட்ஸும் கிரியரும் கட்டிய அந்தக் கறுப்பு டிராக்டரில் இருக்கிறது. அந்த டிராக்டர் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

உறிஞ்சும் பக்கத்து வால்வு ஒரே ஒரு சிலிண்டருக்குப் போதும். கையை நீட்டி, முழங்கையை மடக்கி, வாளியைக் கவிழ்த்து, இடுப்பையும் ஒருசேரத் திருப்ப வேண்டிய இயந்திரத்துக்கு அது போதாது. ஒரு பம்ப்பின் எண்ணெயை நான்கு உறுப்புகளுக்குப் பங்கிடும்போது, பாரம் குறைந்த உறுப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அந்தச் சண்டையைத் தீர்த்த வால்வுகளைப் பார்க்க, அடுத்த அத்தியாயத்தில் பிரான்சுக்குப் போகிறோம். 1951-ல் போக்லைன் என்ற பண்ணைக்கருவி நிறுவனம் மண் அள்ளும் இயந்திரத்துக்கு எண்ணெய்க் கைகளைப் பொருத்திய இடத்துக்கு.

அதற்கு முன் டிராக்டர் வைத்திருக்கிற வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சேற்றுழவு முடிந்து வண்டியைக் கழுவும் நாளில், கியர் பெட்டியின் அளவுக்கம்பியை உருவி எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். மோர் நிறம் தட்டினால் அடுத்த நடவு வரை காத்திருக்காமல் உடனே வடித்து மாற்றிவிடுங்கள்.